மடுவத்தில் ஜொனி ஆடிய ஆட்டம்

ஜொனிக்கு ஐம்பத்திரண்டு வயது. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கிற வேலை. டீசல் தீர்ந்த ட்ரக்டர் மாதிரி இழுத்து இழுத்து நடப்பார். ஆனால் போனில் பழைய ஹொலிவூட் பாட்டுப் படம் ஓடினால் போதும், கால் இரண்டும் வேறு யாருடையதோ ஆகிவிடும். படத்தில் தொப்பிக்காரன் ஒருவன் படிக்கட்டில் டக்கு டக்கென்று ஆடி இறங்குவான். தெருவில் போகிற தபால்காரனும் பூக்காரியும் அதே அடியை வைப்பார்கள்.

"அது எப்புடி எல்லாருக்கும் தெரியுது?" என்று மனைவி இருதயம்மாவிடம் கேட்பார்.

"ம்க்கும், காலையில வேல பிரிக்கிற பெரட்டுல சொல்லியிருப்பாங்க."

வேதக்கோயில் திருநாள் கலைநிகழ்ச்சிக்கு ஏதோ துணிச்சலில் பேர் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மூன்று நாளாக ஒரே பயம். லயத்து வீடெல்லாம் சிரிக்குமே! 'என் பேர வெட்டிருங்க' என்று நிகழ்ச்சி நடத்துகிற உபதேசியாருக்குப் போனில் எழுதியும் வைத்தார். அனுப்பத்தான் விரல் வரவில்லை. கடைசியாக ஒருதரம் ஆடிவிட்டு அனுப்பலாம்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லாரும் மலையில். அடியில் சோடா மூடி அடித்த சப்பாத்தை மாட்டி, தகரத்தைத் தரையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். அவர்களை நிறுவைக்குக் கூப்பிடவும் அதே தகரத்தைத்தான் தட்டுவார் என்பது அவருக்கே மறந்துபோனது.

கண்ணைத் திறந்தால், பாதி நிறைந்த பையோடு இருபது பெண்கள்.

"என்னாண்ணே, அதுக்குள்ள நிறுவையா?" முன்னால் நின்ற தனலெட்சுமிக்கு மூச்சு வாங்கியது.

"இல்ல தங்கச்சி, எலி ஒன்னு ஓடுச்சு..."

அவள் அவர் காலைப் பார்த்தாள். "எலி சோடா மூடி போட்டுருந்துச்சோ?"

மடுவம் அதிரச் சிரித்தார்கள். அவர் மூன்று நாளாகப் பயந்த அதே சிரிப்பு. சிரித்து முடித்தும் ஒருத்தியும் நகரவில்லை.

"திருநாளைக்கு ஆடுறது இதானா? இருதயம்மாக்கா லயம் பூரா சொல்லிருச்சு. மறுக்கா ஆடுங்கண்ணே, அட்டை கடிச்ச காலு கொஞ்சம் ஆறட்டும்."

ஆடினார். இரண்டாவது சுற்றில் தனலெட்சுமி இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக் கூட அவிழ்க்காமல் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னாலேயே இன்னும் ஐந்து பேர்.

"எடது காலும்மா, எடது!"

"எங்களுக்கு ரெண்டும் ஒன்னுதான். மேடையில தனியா நின்னா பாவமா இருக்கும்ணே, நாங்க பின்னால நிக்கிறோம்."

ஜொனி போனை எடுத்தார். எழுதியதை அழித்துவிட்டு, 'இன்னும் ஆறு பேரச் சேத்துக்கங்க' என்று அனுப்பினார்.

மலைக்குத் திரும்பிய வரிசையில் ஆறு பேர் தப்புத் தப்பாய் அடி வைத்துக்கொண்டே ஏறினார்கள்.