மறைத்த இருமல்

சிவகாமசுந்தரி ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டவளில்லை. ஆனாலும் நுரையீரலில் புற்றுநோய் என்றதும் சொந்தக்காரர்கள் அவள் கணவர் மருதப்பனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவரும் புகைத்தவரில்லை.

பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து விடிந்ததும், கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டும் டாக்சியைக் கிளப்பினால் தீவு முழுக்கச் சுற்றிவிட்டு வருகிறவள் அவள். அவளுக்கு வந்திருந்த வகையை மட்டும் குறிவைத்துத் தாக்கும் மாத்திரை ஒன்று இருந்தது. தினமும் விழுங்கினாள். முடி கொட்டவில்லை. அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. மறுநாளே வண்டியை எடுத்துவிட்டாள்.

பிறகுதான் அந்த வறட்டு இருமல் வந்தது.

"இருமலோ மூச்சு வாங்குறதோ இருந்தா உடனே போன் பண்ணுங்க" என்று நர்ஸ் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். சிவகாமசுந்தரி அதை மறக்கவில்லை. ஆனால் மருத்துவமனையில் பழக்கமான இன்னொரு நோயாளி ஆமினா பீவி இருமுகிறது என்று சொன்னதும், அவருடைய மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மாளை அங்கே காணவே இல்லை. அந்தப் பயம் இவளைப் பிடித்துக்கொண்டது.

பயணிகளிடம் வண்டியின் ஏர்கோன் குளிரைச் சாக்குச் சொன்னாள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் இருமல் மருந்தைக் குடித்துவிட்டுப் போனாள். "எல்லாம் ஓகே லா, டாக்டர்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குக் கணவரோடு காய்கறி வாங்கப் போனவள், தேக்கா சந்தைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மருதப்பன் பைகளைப் போட்டுவிட்டு ஆம்புலன்சை அழைத்தார்.

புற்றுநோய் அடங்கித்தான் இருக்கிறது என்றார் மருத்துவர். நுரையீரலில் அழற்சியை உண்டாக்கியது மாத்திரைதான். முன்பே சொல்லியிருந்தால் அதை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்து, வேறு மருந்துக்கு மாறியிருக்கலாம். இப்போது தழும்பு கட்டிவிட்டது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மருதப்பன்.

"சொன்னா நீங்க டாக்டர்கிட்ட சொல்லிடுவீங்க."

"சொல்லாம? பாத்துக்கிட்டு சும்மா இருப்பேனா?" அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. சிவகாமசுந்தரி ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மாத்திரையையோ அதற்கு மாற்றானதையோ இந்த நுரையீரல் இனித் தாங்காது என்றார்கள். கீமோவைத் தாங்கும் தெம்பு உடம்பில் இல்லை. தீபாவளிக்கு முன் கட்டி மறுபடி வளரத் தொடங்கிவிட்டது. டாக்சியை மருதப்பனே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவள் அறையிலேயே இருக்கிறாள். அவர் வேளைக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறார். பக்கத்தில் உட்காருவதில்லை.