செங்கல் போதும் மாமா என்றேன்

என் அக்காவின் கணவர் அந்தக் காரை வாங்கியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர் அவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பாகூரை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு அக்காவோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்ததும் நானும் அங்கேயே தங்கிக்கொண்டேன்.

பிரான்சுக்கே திரும்பிப் போய்விட்ட ஒரு வெள்ளைக்காரர் விற்ற கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். பந்தயத்துக்குச் செய்த மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதன் கூரை என் இடுப்புக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும். புதுச்சேரித் தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் ஊர்ப் பாதையிலோ மாட்டுவண்டித் தடங்களுக்கு நடுவே மண் மேடு கட்டியிருக்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது வண்டியின் அடிவயிறு அதில் இடித்துக்கொள்ளும். இடித்தால் மாமாவே வாசலில் வண்டியைத் தூக்கி வைத்துப் பார்ப்பார்.

அதில் அவர் காட்டிய நிதானம் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. மண்ணில் தூக்க மாட்டார். அதற்கென்றே வாசலில் சிமெண்ட் தளம் போட்டிருந்தார். சாதாரண ஜாக்கி அந்த வண்டிக்கு அடியில் நுழையாது. அதனால் முன் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி நிறுத்துவார். கியரில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைப்பார். அப்புறம்தான் ஜாக்கி. அதையும் தகடு நசுங்குகிற இடத்தில் கொடுக்காமல், கனமான இரும்புச் சட்டத்தைத் தடவிப் பார்த்துக் கொடுப்பார். வண்டி எழும்பியதும் இரண்டு பக்கமும் புளியங்கட்டை வைத்து, வண்டியைக் கட்டை மேல் இறக்குவார். தோளைக் கொடுத்து இரண்டு முறை தள்ளிப் பார்ப்பார். ஆடவில்லை என்றால்தான் கீழே படுப்பார்.

“இன்னா மாமா, இவ்ளோ நேரமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஜாக்கி தூக்கி வுடும்டா. புடிச்சிக்கினு நிக்காது. கட்டதான் நிக்கும்” என்றார்.

மரவாடியில் சொல்லி அறுத்து வாங்கிய நான்கு கட்டைகள் அவை. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், நல்ல வைரம் பாய்ந்த மரம். தாழ்வாரத்தில் அடுக்கியிருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. விறகெல்லாம் ஊறிப்போய் அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. மாமா தன் அண்ணன் வீட்டுக்குக் கரிக்கலாம்பாக்கம் போயிருந்தார். கண் சிவந்து, இருமிக்கொண்டே அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“இந்தக் கட்ட காஞ்சிதானே கீது? ரெண்ட பொளந்து குடுடா. மழ வுட்டதும் வேற வாங்கி வெச்சிடலாம்.”

கோடரி எடுத்து நான்தான் பிளந்தேன். இரண்டோடு நிற்கவில்லை; மறுநாள் மீதி இரண்டும் அடுப்புக்குப் போயின. மழை விட்டதும் மரவாடிக்குப் போகவேண்டும் என்று நினைத்தேன். மாமா திரும்பி வந்தார்; வண்டி இடிக்காததால் கட்டையைத் தேடவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. நான் போகவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா வில்லியனூர் போய்விட்டு வரும்போது பாதை மேட்டில் வண்டி பலமாக இடித்துக்கொண்டது. வாசலில் நிறுத்தியதும் அடியில் எண்ணெய் சொட்டியது. வழக்கம்போலப் பலகை, கல், ஜாக்கி எல்லாம் வைத்தார். பிறகு தாழ்வாரத்தைப் பார்த்தார்.

“கட்ட எங்கடா?”

அக்கா சமையலறையில் இருந்தாள். அங்கே பாத்திரச் சத்தம் நின்றது. எரித்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால் அவர் திட்டியிருப்பார், அவ்வளவுதான். அடிக்கிற மனிதர் இல்லை. ஆனாலும் என் வாயில் பொய் வந்தது.

“கரையான் அரிச்சிடுச்சி மாமா. தூக்கிப் போட்டுட்டேன்.”

“புளியங்கட்டயவா?”

“ஆமா. சுவரு கட்டி மிஞ்சின செங்கல் கீதே. அது போதும் மாமா.”

அவர் யோசித்தார். நான் அதற்குள் நான்கைந்து செங்கற்களைத் தூக்கி வந்துவிட்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பக்கமும் அடுக்கினேன். அவர் வண்டியை இறக்கி, தோளால் தள்ளிப் பார்த்தார். நின்றது.

“ரெண்டு போல்ட்டு முறுக்கற வேலதான்” என்று சொல்லிவிட்டு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார்.

நான் பக்கத்தில் குந்தி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு போல்ட் இறுகிவிட்டது. அடுத்ததை அவர் அழுத்தி இழுத்தபோது வண்டி லேசாக அசைந்தது. செங்கல் ஒன்று நடுவில் பிளந்து பொடியானது. ஓடு உடைகிற மாதிரி சின்னச் சத்தம். அதற்குப் பிறகு பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு தாழ்ந்த வண்டி. கீழே ஒரு மனிதருக்கு இடம் ஏது?

நான் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. ஜாக்கி சாய்ந்து அடியில் சிக்கியிருந்தது. அக்கா ஓடி வந்து, காரின் முன்பக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து தூக்க, இரண்டு பேர் காலைப் பிடித்து அவரை இழுத்தார்கள். கண் திறந்திருந்தது. நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. ஏதோ கேட்க வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

டிராக்டரில் வைக்கோல் பரப்பி, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் சொல்லவில்லை.

பாடை எடுத்த மறுநாள் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்திருந்த மாமாவின் அம்மா, கூட்டத்துக்கு நடுவே கேட்டாள்.

“எம் புள்ள ஒரு ஆணி அடிக்கணும்னாலும் பத்து தபா பாப்பானே. அந்தக் கட்டைங்க இன்னா ஆச்சி?”

நான் தூண் ஓரத்தில் நின்றிருந்தேன்.

“நாந்தான் எரிச்சேன். சோறு பொங்க எரிச்சேன்” என்றாள் அக்கா.

மாமியார் அவள் பக்கம் திரும்பினாள். “சோத்துக்கா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துபோனாள். அந்த வீட்டு மனிதர்கள் காரியம் முடிந்ததும் போனவர்கள்தான், அப்புறம் வரவில்லை. பிளந்தது நான், பொய் சொன்னது நான், செங்கல் அடுக்கியது நான். தூண் ஓரத்தில் நின்றதைத் தவிர அன்று நான் ஒன்றும் செய்யவில்லை.

தை மாதம் வில்லியனூரிலிருந்து மெக்கானிக் பாய் ஒருவர் காரை வாங்கிப்போக வந்தார். வண்டியைத் தூக்கிப் பார்க்க அவரே மரக்கட்டை கொண்டுவந்திருந்தார். தளத்தின் ஓரத்தில் கிடந்த செங்கல் துண்டைக் காலால் புரட்டிப் பார்த்தார். “இதுலயா நிறுத்துனாங்க? செங்கல்லு முன்கூட்டி சொல்லாதும்மா. சட்டுனு போயிடும்” என்றார். அக்கா உள்ளே போய்விட்டாள். வண்டி போனதும் நான் அவளிடம் போனேன்.

“அக்கா, அவரு கேட்டப்ப நான் பொய் சொன்னேன்.”

“தெரியும். அடுப்புகிட்டதான் நின்னேன். கரையான்னு நீ சொன்னது காதுல விழுந்துது.” முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “நான் வெளிய வந்து, கரையான் இல்ல, எரிச்சிட்டோம்னு சொல்லியிருக்கலாம். திட்டுவாரேன்னு நானும் வரல.”

அடுத்த ஞாயிறு சைக்கிளை எடுத்துக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் போனேன். மாமாவின் அம்மா கொல்லையில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் பெயரை முன்னால் வைத்துத்தான் சொன்னேன். அவள் உளுந்தைக் கிளறுவதை நிறுத்தவே இல்லை.

“சொல்லிட்ட இல்ல?” என்றாள் கடைசியில்.

“ஆமா.”

“சரி, போ.”

அக்காவோடு அவள் கடைசிவரை பேசவில்லை. நான்கு வருஷம் கழித்து அவள் இறந்தபோது நானும் அக்காவும் போனோம். யாரும் எங்களை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அக்கா தெருவிலேயே நின்று அழுதுவிட்டு, பாடை எடுத்ததும் என்னோடு பஸ் ஏறினாள்.