பின்பாரம்

தீர்த்தகிரி குனிந்து வண்டிக்கு அடியிலிருக்கும் மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்க்கிறார். எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று தெரியவேண்டும். பிறகு பாரம் தூக்கும் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விரலால் தடவுகிறார். அதற்கப்புறம்தான் ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்காருவார். "மாடு மொறச்சிக் காட்டும்ங்க. இது காட்டாது" என்பார்.

படவேட்டைத் தாண்டி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் மரக்கிடங்கில் அவருக்கு வேலை. மலைமேல் சாமை விதைத்துக்கொண்டிருந்தவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் இந்தப் பழைய வண்டி வந்தபோது ஓட்டப் பழகினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வண்டியில் பதித்த தகடு சொல்வது மட்டும் மனப்பாடம்: தாங்கும் எடை இரண்டு டன்.

நான்கு வருடம் கழித்து, கட்டைகளை நேராக லாரியில் இறக்க முதலாளி சக்கரவர்த்தி ஒரு யோசனை செய்தார். வண்டியின் முன்கரங்களில் மாட்டுவதற்குக் கொக்கி வைத்த நீளமான இரும்புக் கை ஒன்றைக் கலசப்பாக்கத்துப் பட்டறையில் அடித்து வாங்கிவந்தார்.

"கைய நீட்டிப் புடிச்சா தண்ணிக்கொடமே கனக்குதுங்க மொதலாளி. இத மாட்டுனா ரெண்டு டன் தாங்காதுங்க."

"இன்னாய்யா, நீ எனக்குச் சொல்றியா? பின்னாடி மூணு பேர ஏத்திக்கோ, சரியாப்பூடும்."

தீர்த்தகிரி தலையாட்டிவிட்டார். மனைவி பாஞ்சாலையின் தம்பி வீரன்தான் முதலில் பின்பக்கம் தாவி ஏறினான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "நான் குந்திக்கினேன் மாமா, நீ தூக்கு!"

வேங்கைக்கட்டை மேலே எழும்பியது. மூன்று பேர் கனத்தையும் மீறிப் பின்சக்கரங்கள் தரையைவிட்டு விரற்கடை எழும்பி எழும்பி அமர்ந்தன. மெல்லப் பின்னால் நகர்த்தினார். கட்டையைக் கொக்கியில் பிணைத்திருந்த சங்கிலி வழுக்கிக் கட்டை முன்னால் விழுந்தது. பாரம் போனதும் வண்டியின் பின்பக்கம் தரையில் மோதியது. இரண்டு பேர் பக்கவாட்டில் தெறித்தார்கள். வீரன் சக்கரத்துக்குப் பின்னால் விழுந்தான். பிரேக்கை மிதித்தும் வண்டி ஒரு முழம் நகர்ந்துதான் நின்றது.

ஏதோ கட்டைமேல் ஏறியிருக்கிறது என்றே தீர்த்தகிரி நினைத்தார். திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு அவர் காதில் எதுவும் விழவில்லை. கட்டை ஏற்றும் ஆள் சிங்காரம் ஓடிவந்து சாவியைத் திருகி நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

"கட்டதானே ஏறிச்சி? சிங்காரம், கட்டதானே?"

வீரனைப் புதைத்த பிறகும் இருபது நாள் அந்த ஒரே கேள்விதான். சோற்றுத் தட்டின் முன்னாலும் அதையே கேட்டார். பாஞ்சாலை அவரைத் திட்டவில்லை. தம்பியின் பிள்ளைகளைக் கூட்டிவந்து தன் வீட்டில் படுக்கவைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைகள் "மாமா" என்று கூப்பிட்டால் இன்றும் அவர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

வேறு ஓட்டுநர் இல்லாததால் சித்திரையில் மறுபடி ஏறினார். அந்த இரும்புக் கையை மட்டும் மாட்ட விடவில்லை.

போன வாரம் ஈரக்கட்டை ஒன்று முன்கரங்களில் கனத்துப் பின்சக்கரம் லேசாகத் தூக்கியது. அதே சக்கரவர்த்தி, அதே இடத்தில் நின்றுகொண்டு, "ரெண்டு பேர் பின்னாடி ஏறுங்கடா" என்றார். பிழைப்புக்குப் பயந்து இரண்டு பேர் ஏறினார்கள்.

தீர்த்தகிரி கட்டையை இறக்கிவைத்து இயந்திரத்தை நிறுத்தினார். பின்னால் போய் இருவரையும் கைப்பிடித்து இறக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவர்கள் நின்ற இரும்பின்மேல் சுருக்கமில்லாமல் விரித்தார்.

"நீங்க ஏறிக் குந்துங்க மொதலாளி" என்று சொல்லி, ஏறுவதற்குத் தாங்கலாகத் தன் கையை நீட்டியபடி நின்றார்.