சூசை அண்ணர் கேட்ட நிறம்

முருங்கனிலிருந்து சூசை அண்ணரின் தங்கை தொலைபேசியில் அழைத்தபோது, நான் ஸ்கேனரில் ஒரு நெகட்டிவைப் பொருத்திக்கொண்டிருந்தேன். "அண்ணை போயிட்டார். நெஞ்சு நோகுது எண்டு சொன்னவர், அவ்வளவுதான்" என்றார். அண்ணர் வேலைக்கு வர நேரமாகிறதே என்று அதுவரை மனதுக்குள் சலித்துக்கொண்டிருந்தவள் நான்.

மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்தில், மன்னார்ப் பட்டினத்து ஸ்டூடியோ ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய சனம் பொலித்தீனில் சுற்றிய நெகட்டிவ்களையும் சிலைட்டுகளையும் கொண்டுவந்தது. அல்பம் எரிந்துபோனவர்களுக்கு மிஞ்சியது அதுதான். அவற்றைக் கணினியில் ஏற்றிப் படமாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. எனக்குப் பொறுமை மட்டு. மென்பொருளில் 'நெகட்டிவ்' என்பதற்குப் பதிலாக 'சிலைட்' என்று தெரிவுசெய்துவிடுவேன். நெகட்டிவின் எதிர்நிறம் திரும்பாமல், மயிர் வெளுத்து, முகம் கறுத்து, படம் முழுக்கச் செம்மஞ்சளாய் வந்து நிற்கும். நான் இயந்திரத்தைத் திட்ட, அவர் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, அது பிழைவிடேல்லை. நீங்கள் சொன்னதைத்தான் செய்தது" என்பார்.

சில மாதங்களில் அவரே ஒரு பிழை விட்டார். வயற்காரர் ஒருவரின் கலியாணப் படம் அது. அச்செடுத்த படத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வந்து கத்தினார்: "என்ரை மனிசிக்கு நான் பச்சைக் கூறைச் சேலையோ எடுத்துக் குடுத்தனான்?" சூசை அண்ணர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். வயற்காரர் போனபிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டுதான், தங்கச்சி. ஊதாவைக் காட்டினாலும் நீலம் எண்டுதான் தெரியும். வீட்டாக்களைத் தவிர ஒருத்தருக்கும் இது தெரியாது." நிறம் தெரியாதவருக்கு இந்த வேலை எதற்கு என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்றிலிருந்து படத்துக்குரியவரைப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் தொடங்குவார். "சொல்லுங்கோ அம்மா, சேலை என்ன நிறம்? சுவருக்கு என்ன பூசியிருந்தது?" மென்பொருள் தானாகச் செய்யும் நிறத் திருத்தத்தை அவர் நம்புவதேயில்லை. படம் முழுக்கச் சிவப்பென்றால், அதைப் பழுதென்று நினைத்துச் சிவப்பைக் கழித்துவிடும். இவரோ "ஓம், இதுதான்" என்று அவர்கள் கண் கலங்கும்வரை கூட்டியும் குறைத்தும் பார்ப்பார். என் படங்கள் விரைவாக முடிந்தன. சனம் அவரைத்தான் கேட்டு வந்தது.

சண்டைக் காலத்தில் அவர் மன்னார்த் தீவில் நின்றுவிட, மனைவியும் மகளும் வன்னிக்குள் அகப்பட்டார்கள். இருவருமே திரும்பவில்லை. தப்பி வந்த உறவினர் ஒருவர் ஒரேயொரு நெகட்டிவ் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் மகள் புதுச் சட்டையோடு நிற்கிறாள். அவர் கண்ணால் காணாத சட்டை. நிறம் மங்கிப்போன படம் என்பதால் மென்பொருளின் ஒரு தெரிவில் நீலமாகவும் இன்னொன்றில் ஊதாவாகவும் வந்தது. சட்டையை நேரில் பார்த்தவர் என்று கேட்டறிய அவருக்கு ஒருவரும் இல்லை. "எனக்கு நீலமாத்தான் தெரியுது. உங்கட கண்ணுக்கு என்ன தங்கச்சி?" என்றார். எனக்கு அன்று வேலை குவிந்து கிடந்தது. ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஊதா போலத்தான் கிடக்கு அண்ணை" என்றேன். அவர் இரண்டு நிறத்தையும் விட்டுவிட்டார். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

செத்தவீட்டில் தங்கை அந்தப் படத்தைச் சவப்பெட்டியருகே வைத்திருந்தார். பெரியமடுவிலிருந்து வந்திருந்த தையற்கார அம்மா ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து விம்மினார்.

"இந்தச் சட்டையை நான்தான் தைச்சனான். மடு மாதா திருநாளுக்கெண்டு நல்ல சிவப்புத் துணி காட்டினனான். பிள்ளை வேண்டாமெண்டிட்டாள். 'அப்பா வந்து பாக்கேக்கை அவருக்கு நிறம் தெரியவேணும், நீலத்திலை தையுங்கோ' எண்டவள்."

தங்கையிடம் அந்த நெகட்டிவைக் கேட்டு வாங்கினேன். மறுநாள் விடிந்ததும் ஸ்டூடியோவுக்கு ஓடி, அதை நீலமாகவே அச்செடுத்து வந்தேன். பெட்டியை மூடுமுன் அவருடைய கைகளுக்குள் வைத்தேன்.

சூசை அண்ணை, நீங்கள் கண்ட நிறம் சரி. நான்தான் பார்க்காமல் சொன்னேன். போய் வாருங்கள், பிள்ளை காத்திருப்பாள்.