மாமா ஃபேன் பிடித்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இன்னும் சற்று நேரத்தில் வெடித்துவிடும் என்று மதுரை ஆனையூரில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி அறிவித்தவன் நான்தான். அப்போது எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் ஒன்றாக அமுக்கினால் ஏதோ ஒரு பட்டியல் வரும் என்பது மட்டும்தான் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது. அந்த அறிவை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்தைக் கதிகலங்க வைத்துவிடலாம் என்று அன்றைக்கு நிரூபித்தேன்.

கம்ப்யூட்டர் அக்காவுடையது. அவள் கல்லூரியில் கடைசி வருஷம். மறுநாள் திங்கட்கிழமை தன் ப்ராஜெக்ட்டை ஆசிரியர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார்கள் என்று கணக்கு வைக்கும் மென்பொருள் அது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் படித்தவர்களில் பாதிப் பேர் அதையேதான் செய்தார்கள். அத்தனை நூலகம் நாட்டில் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அக்காவின் வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. காட்டத் தவறினால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். கல்லூரிக்கு வந்து அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போன கம்பெனி அதுவரை காத்திருக்காது. இதெல்லாம் எனக்கும் தெரியும், ஏனென்றால் வீட்டில் ஒரு மாதமாக வேறு பேச்சே இல்லை.

கம்ப்யூட்டர் இருந்த அறையில்தான் மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு எங்களோடு வந்து தங்கியவர். சிம்மக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா, பக்கத்திலேயே ஒரு இரும்புக் கடையில் சொல்லி மாமாவைச் சேர்த்துவிட்டார். ஒரே மாதத்தில் மாமா முதலாளியோடு சண்டை போட்டுவிட்டுக் கைவீசிக்கொண்டு வந்துவிட்டார். சொல்லிவைத்தவருக்குத் தலைகுனிவு. அன்றிலிருந்து அப்பா மாமாவிடம் நேராகப் பேசுவதில்லை. இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா என்னைப் பார்த்து, “உங்க மாமாகிட்டச் சொல்லு, கேஸ் சிலிண்டருக்குப் பதியணும்” என்பார். ஒரு கை தூரத்தில் இருக்கும் மாமாவிடம் நான் திரும்பி, “மாமா, கேஸ் சிலிண்டருக்குப் பதியணுமாம்” என்பேன். மாமா என்னிடம் சொன்ன பதிலை அப்பாவிடம் சேர்ப்பேன். வீட்டில் என்னை நம்பி ஒப்படைத்த ஒரே பொறுப்பு என்பதால் எனக்கு அதில் பெருமைதான்.

லாரிகளுக்கு லீவு கிடையாது என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அப்பா ஆபீஸுக்குப் போயிருந்தார். அக்கா தலைக்குக் குளிக்கப் போனாள். அந்த இடைவெளியில் நான் கார் ஓட்டும் விளையாட்டைத் திறந்தேன். கார், மாட்டுவண்டி மாதிரி நகர்ந்தது. விளையாட்டை மூடிவிட்டு, எனக்குத் தெரிந்த மூன்று பொத்தானையும் அமுக்கினேன். பட்டியல் வந்தது. அதில் ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ என்று ஒரு பெயர். அதற்கு நேரே தொண்ணூற்றெட்டு. திரையின் அடியில், சிபியூ உபயோகம் இரண்டு சதவீதம்.

எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒருவன் உள்ளே புகுந்து நூற்றில் தொண்ணூற்றெட்டைத் தின்கிறான். அக்காவுக்கு மிச்சம் வைத்திருப்பது இரண்டே இரண்டு. அவனை முடித்துவிடலாம் என்று அழுத்திப் பார்த்தேன். முடியாது என்று இங்கிலீஷில் பதில் வந்தது. அப்படியென்றால் வைரஸேதான். பெட்டியின் மேல் கை வைத்தேன். தோசைக்கல்.

“மாமா, வைரஸ். பெட்டி காந்துது. வெடிக்கப்போகுது” என்று நான் போட்ட சத்தத்தில், தரையில் படுத்திருந்த மாமா எழுந்த வேகத்தில் வேட்டியை மறந்து போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

“என்ன மாப்ள, எம்புட்டுச் சூடு?”

“தொண்ணூத்தெட்டு மாமா.”

சூடு வேறு, உபயோகம் வேறு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. காய்ச்சலுக்கு அம்மா செய்வது தெரியும். துண்டை நனைத்துப் பிழிந்து பெட்டியின் நெற்றியில், அதாவது நெற்றி என்று எனக்குத் தோன்றிய இடத்தில், போடப்போனபோது அக்கா ஈரத்தலையோடு உள்ளே வந்தாள். துண்டைப் பிடுங்கி என் முதுகிலேயே ஒன்று போட்டாள்.

“கரண்டு ஓடுற பெட்டியில ஈரத்துணியைப் போடுற. உனக்கு யாருடா இங்க டாக்டர் பட்டம் குடுத்தது?”

திரையைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “லூசு, அது வைரஸ் இல்ல. ப்ராசஸர் வேலை இல்லாம சும்மா இருக்குற நேரத்துக்கு அந்தப் பேரு. தொண்ணூத்தெட்டு சும்மா இருக்கு, ரெண்டுதான் வேலை பாக்குது. நான் வேலை குடுத்தா அது ஒதுங்கி வழிவிட்டுரும்.”

மாமாவின் முகம் மலர்ந்தது. “சும்மா இருக்குறதுக்கு இங்கிலீஷ்ல இம்புட்டுப் பெரிய பேரா. இனி யாரு கேட்டாலும் இதையே சொல்லிருவேன் மாப்ள.”

அக்கா சிரித்துக்கொண்டே பெட்டியைத் தொட்டாள். சிரிப்பு நின்றது. நான் சொன்னதில் சூடு மட்டும் உண்மை. சும்மா இருக்கும்போதே இப்படிச் சுடக்கூடாது என்றாள். இரண்டு நாளாகக் கம்ப்யூட்டர் தானாக அணைந்துகொண்டிருந்ததை அவள் கரண்டின் மேல் பழிபோட்டு வைத்திருந்தாள். இப்போது அணைத்துப் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கி, நீலத் திரை ஒன்றுக்குள் போனாள். அங்கே ப்ராசஸரின் வெப்பம் எண்பத்துநான்கு டிகிரி என்று இருந்தது. பார்க்கப் பார்க்க எண்பத்தைந்து ஆனது.

வாசலில் நின்ற அம்மா, “எண்பத்தஞ்சுக்கா இப்படிப் பதறுறீக? இவனுக்கு நூத்திரண்டு வந்தே பொழைச்சான்” என்றாள். எனக்கு உடனே நிம்மதி வந்துவிட்டது. காய்ச்சல் கணக்குப்படி கம்ப்யூட்டருக்கு ஜில்லென்று அல்லவா இருக்கிறது. அக்காதான் அதையும் கெடுத்தாள். இது வெயிலை அளக்கிற டிகிரி. பேப்பரில் மதுரைக்கு நாற்பத்தொன்று என்று போடுகிறானே, அந்த டிகிரி. அறுபது வரை கவலை இல்லை, எழுபதைத் தாண்டினால் யோசிக்கணும், தொண்ணூறைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும். அந்தப் பெட்டிக்குள் இரண்டு மதுரை எரிகிறது என்று கணக்குப் போட்டதும் நான் இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். ப்ராசஸரின் தலைமேல் இருந்த சின்ன விசிறி சுற்றவே இல்லை. புழுதி அடைத்துப் போயிருந்தது. மாமா விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டிச் சுத்தம் செய்தார். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. புது விசிறி வாங்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குக் காளவாசல் வரை அந்த வெயிலில் போனார். ஞாயிற்றுக்கிழமை. ஷட்டர் இறங்கியிருந்தது. திரும்பி வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்திருந்தாள்.

“அழுகாத தாயி. அதுக்கு வேண்டியது காத்துதானே. நம்ம வீட்ல காத்தா இல்ல?” என்றார் மாமா.

காற்று இருந்தது. ஆனால் எங்கள் டேபிள் ஃபேனுக்குக் கழுத்து முறிந்திருந்தது. நிமிர்த்தி வைத்தால் மெல்ல மெல்லக் குனிந்து தரைக்கு விசிறும். மாமா சணல் கட்டிப் பார்த்தார், விறகுக்கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தார். அதிர்கிற அதிர்வில் எதுவும் நிற்கவில்லை. கடைசியில் ஃபேனை மடியில் வைத்து, கழுத்தை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, திறந்த பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வேலையைத் தொடங்கினாள். திரையின் ஓரத்தில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்து, எண்ணைப் படித்துச் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தாள். அவள் எழுதியதை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் உபயோகம் நூற்றுக்கு ஏறும். நான் “நூறு மாமா, நூறு” என்று அலறுவேன். “வேலை பாத்தா நூறு வரத்தான்டா செய்யும், இறங்குதான்னு பாரு” என்பாள் அக்கா. மாமா ஃபேனை இன்னும் ஒரு விரல் நெருக்கிப் பிடிப்பார். எண் இறங்கும். “ஐடில் வந்துட்டாரு மாமா” என்றால், “வரட்டும், நம்ம ஆளு” என்று தோளை மட்டும் ஒரு தடவை சுழற்றிக்கொள்வார். இடையில் ஒருமுறை திரை கறுத்துப்போக, போச்சு போச்சு என்று வாசல்வரை ஓடிவிட்டேன். சற்று நேரம் யாரும் தொடாததால் வந்த ஸ்க்ரீன் சேவர் அது. மாமா சிரித்த சிரிப்பில் ஃபேன் குலுங்கியது, ஆனால் கழுத்து இறங்கவில்லை. மத்தியானம் மறுபடி நீலத் திரைக்குள் போய்ப் பார்த்தோம். ஐம்பத்தெட்டு.

அக்கா மறுநாள் ப்ராஜெக்ட்டைக் காட்டினாள், தேறினாள், அந்த வேலைக்கும் போனாள். அவள் அனுப்பிய பணத்தில்தான் நான் கல்லூரியில் படித்தேன். என் சாப்பாட்டுத் தட்டைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் மாமாவின் இரண்டு கைகள் இருக்கும் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. அவர் முன்னால் இதைச் சொன்னால், “போடா, பொழுது போகாம உக்காந்திருந்தேன்” என்பார்.

அன்று சாயங்காலம் வெயில் தாழ அப்பா வந்தார். அறை வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா திரும்பாமல் தட்டிக்கொண்டிருந்தாள். மாமாவின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை. அம்மா கொண்டுவந்து வைத்த மோர், ஜன்னல் மேடையில் அப்படியே இருந்தது.

“எந்நேரத்துல இருந்து?” என்று கேட்டார் அப்பா.

“காலையில இருந்துப்பா. மாமா கைய எடுத்தா ஆஃப் ஆயிரும்” என்றாள் அக்கா.

அப்பா செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து மோர் டம்ளரை எடுத்தார். அவருக்குத்தான் தாகம் என்று நினைத்தேன். அவரோ மாமாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் அவர் முகத்தை ஒற்றிவிட்டு, டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனார்.

“குடி மாப்ள. கைய எடுத்துறாத” என்றார்.

மாமா குடித்தார். கொஞ்சம் மோர் தாடை வழியே வழிந்தது. அப்பா அதையும் துடைத்தார். தட்டிக்கொண்டிருந்த அக்காவின் விரல்கள் ஏனோ நின்றுபோயின.

எனக்கோ வேறு கவலை. என் வழியாகச் சொல்ல வேண்டியதை அப்பா நேராகவே சொல்லிவிட்டார். அறையின் மூலையில் நான் இருப்பதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, “நான் இங்கதான்ப்பா இருக்கேன்” என்றேன்.