தேதி மறந்த கம்ப்யூட்டர்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மறதி வந்தது. காலையில் அம்மா சுவிட்சைப் போட்டால், கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும். ஒரு பட்டனைத் தட்டினால்தான் மேலே நகரும். நகர்ந்த பிறகு மூலையில் பார்த்தால் நான் பிறப்பதற்கு முந்தைய ஏதோ ஒரு வருடம், ஜனவரி ஒன்று. எனக்கு அது பிடித்திருந்தது. இன்னும் பிறக்காதவளுக்கு வீட்டுப்பாடம் எதற்கு என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன்.

அம்மாவுக்கு அது விளையாட்டில்லை. திருச்செங்கோட்டில் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டைப் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். தேதி தப்பாக இருந்தால் மெயில் திறக்காது. ஆவணி முகூர்த்தங்கள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தன.

கம்ப்யூட்டரைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர் அப்பாதான். அவர் நடத்திய பிரவுசிங் சென்டரில் மிஞ்சிய பெட்டி அது. எல்லார் கையிலும் போன் வந்ததும் சென்டருக்கு ஆள் வருவது நின்றுபோனது. அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடையைக் காலி செய்துவிட்டு, போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விட்டார். அதிலிருந்து அம்மா அவரோடு பேசுவதில்லை. போன் வந்தால் என்னிடம் நீட்டிவிடுவாள். சாப்பிட்டாரா என்று கேட்கச் சொல்லுவாள். பதிலை நான் சொல்வதற்குள் அடுப்படிக்குப் போயிருப்பாள்.

அச்சகத்துக்காரர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுச் சத்தம் போட்ட ஒரு நாள், வேறு வழியில்லாமல் அம்மாவே அப்பாவை அழைத்தாள்.

"தேதி நிக்கமாட்டேங்குதுங்க" என்றாள், எடுத்த எடுப்பில்.

பின்னால் ரிக் இரைந்துகொண்டிருக்க, அப்பா நிதானமாக விசாரித்தார். அணைத்து உடனே போட்டால் தேதி இருக்கிறதா, சுவரில் சுவிட்சை அணைத்தால்தான் போகிறதா? அவர் சொல்லச் சொல்லத் தேதி வைத்து, அம்மா இரண்டையும் செய்து பார்த்தாள். சுவரில் அணைத்தால்தான் போனது. அப்படியென்றால் உள்ளே காசு மாதிரி வட்டமாக இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது, வாட்ச் கடையிலேயே கிடைக்கும் என்றார்.

அன்று மாலையே போய் வாங்கி வந்தோம். அம்மா பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய பேட்டரியை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதை அமுக்கினாள். தேதியும் நேரமும் வைத்தாள். சுவரில் அணைத்துப் போட்டுப் பார்த்தாள். தேதி அசையவில்லை. தேங்கிக் கிடந்த பத்திரிகைகள் எல்லாம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

விளக்கு வைத்ததும் அப்பா கூப்பிட்டார்.

"இன்னும் அப்படியேதானுங்க இருக்குது" என்றாள் அம்மா.

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அம்மா அதில் ஒரு முறுக்கை வைத்தாள்.

மறுநாளும் கூப்பிட்டார். உள்ளே இருக்கும் ஓர் அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தும் ஆகவில்லை என்றாள் அம்மா. தேய்க்கவே இல்லை. ஒயரை மாற்றச் சொன்னார். அதற்கும் அதே பதில். பேச்சு கம்ப்யூட்டரில் தொடங்கி, அங்கே வெயில் எப்படி, சோறு யார் ஆக்குகிறார்கள் என்று போகும். ஒரு நாள் கடையைக் காலி செய்த கதைக்கும் போனது. அம்மா அழுதாள், திட்டவும் செய்தாள். அப்பா ரிக்கை விட்டுத் தள்ளி நடந்து வந்தார்; அந்தச் சத்தம் தேய்ந்தது.

"உன்னையக் கேட்டிருக்கோணும். என்ற தப்புத்தான்" என்றார் அப்பா.

அடுத்த வாரம் அவரே வந்து நின்றார். பையைக் கீழே வைத்ததும் கம்ப்யூட்டரின் தகட்டைத்தான் கழற்றினார். உள்ளே பேட்டரி புத்தம் புதிதாக மின்னியது. அடுப்படியில் அம்மா வெங்காயம் உரிப்பதில் மும்முரமாக இருந்தாள். அப்பா பேட்டரியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு தகட்டை மூடித் திருகினார்.

கம்ப்யூட்டருக்கு என்ன என்று கேட்டேன்.

"கோளாறு பெருசு சாமி. பத்து நாள் கூடவே இருந்து பாக்கோணும்."

அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைப் போய்க் கோளாறு என்கிறாரே என்று எனக்கோ அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. மறுநாள் பள்ளியில் கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொல்லி, அப்பா ஊரில் இருக்கும்போதே எங்கள் வீட்டுக்கு வந்து அவருக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.