தட்டியும் திறக்காத கதவு

தாலுகா அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், குழித்துறையில் எங்கள் வீட்டுக்கும் விதிகள் வகுத்தேன். முதல் விதி, எம்.சி.ஏ. படிக்கும் மகன் கதவைச் சாத்தினால் யாரும் தட்டக் கூடாது. அதிகம் பேசாதவன், கணினியே கதியென்று படிக்கிறான் என்று பெருமை வேறு.

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பியபோது, அந்தக் கதவருகே மனைவி விழுந்து கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

"எம்புட்டு கூப்பிட்டேன் தெரியுமா? விதியை மீறித் தட்டியும் பாத்தேன். என்ன தண்டனை தருவிய?" என்றாள்.

கதவைத் திறந்தேன். காதில் ஹெட்போன், திரையில் ஆன்லைன் விளையாட்டு. திரும்பாமலே மகன் கேட்டான்: "அம்மா, குடிக்கச் சாயா எங்க?"

அவள் இப்போது கம்பூன்றி நடக்கிறாள். நான் வெளியே கிளம்புமுன் "மக்கா" என்று மகனைக் கூப்பிடுகிறேன். அவன் எழுந்து வந்து முகம் காட்டிய பிறகே செருப்பு மாட்டுகிறேன். ஆனாலும் சந்தைவரை அந்தச் சாயாக் கேள்வி என் பின்னாலேயே வருகிறது.